ஒரு சோறு பதமா, அஞ்சு விரலும் ஒண்ணா?

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: எம்.எஸ்சி சைக்காலஜி ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட் பண்ணணும், தூக்கத்துக்கும் மனநிலைக்கும் என்ன தொடர்புன்னு பாக்க ஆசை. நூறு பேர்கிட்ட ஆளுக்கு ஒரு தடவ ஃபார்ம் வாங்கறதா, இல்ல ஒரே ஆள நூறு நாள் தொடர்ந்து பாக்கறதா? உங்களுக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு, ஆனா கைடு "ஒரு ஆள வச்சு எழுதுனா அது கதை, சயின்ஸ் இல்ல"ன்னு சொல்லிட்டாராம். கூடவே, புக்ல இடியோகிராஃபிக், நோமோதெட்டிக்னு ரெண்டு பக்கமா பிரிச்சு டேபிளா குடுத்திருக்காங்க, மனப்பாடம் பண்ணியாச்சு, எது சரின்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க.

கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க. ரொம்ப வருஷமா க்ளினிக்லயும் க்ளாஸ்லயும் இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆள் நான்.

மொதல்ல அந்த டேபிள தூக்கி ஓரமா வைங்க (பரீட்சை முடிஞ்சப்புறம்). அந்த ரெண்டு வார்த்தையையும் உண்டாக்குனவர் சைக்காலஜிஸ்டே இல்ல. வில்ஹெல்ம் விண்டல்பாண்ட்னு ஒரு ஜெர்மன் தத்துவப் பேராசிரியர், 1894ல ஸ்ட்ராஸ்பர்க் யுனிவர்சிட்டி ரெக்டரா இருந்தப்ப பேசுன ஒரு பேச்சுல வந்தது. கிரேக்கத்துல நோமோஸ்னா சட்டம், இடியோஸ்னா தனக்கே உரியது. எப்பவும் எங்கயும் நடக்கறது எதுன்னு தேடறது ஒரு வேலை, அது நோமோதெட்டிக்; ஒரே ஒரு தடவ நடந்தத அது நடந்த மாதிரியே புடிச்சு வைக்கறது இன்னொரு வேலை, அது இடியோகிராஃபிக், அவ்ளோதான். (ஐடியாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, 'ஐடியோகிராஃபிக்'னு எழுதிட்டு வர்றவங்கள வருஷத்துக்கு பத்து பேரையாவது பாக்கறேன்.) இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, இது பொருள்ல இருக்கற வித்தியாசம் இல்ல, பாக்கற விதத்துல இருக்கற வித்தியாசம், ஒரே விஷயத்த ரெண்டு விதமாவும் பாக்கலாம்னு அவரே தெளிவா சொல்லிட்டார். அதோட சைக்காலஜிய அவர் தூக்கிப் போட்டது விதி தேடற பக்கத்துலதான். நம்ம புக்குங்கதான் பின்னாடி இத ரெண்டு கட்சியாக்கி கொடி நட்டு வச்சிருச்சு.

கொடி நட்ட ஆள்னு யாரயாவது சொல்லணும்னா அது கார்டன் ஆல்போர்ட். ஹார்வர்ட்காரர். 1937ல வந்த அவரோட பர்சனாலிட்டி புக்லதான் இந்த வார்த்தைங்க அமெரிக்க சைக்காலஜிக்குள்ள வந்து உக்காந்துச்சு. அவருக்கு ஏன் தனி மனுஷன் மேல அவ்ளோ பிடிவாதம்னு கேட்டா, அவரே திரும்பத் திரும்ப சொன்ன ஒரு சம்பவம் இருக்கு. 1920, வயசு 22, வியன்னா வழியா போறார், ஃப்ராய்ட பாத்துட்டுப் போலாம்னு லெட்டர் போட்டு அனுமதியும் வாங்கி உள்ள போயிட்டார். ஃப்ராய்ட் ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கார். அந்த மௌனம் தாங்காம இவர் எதையாவது பேசணுமேன்னு, வர்ற வழில ட்ராம்ல பாத்த ஒரு சின்னப் பையனப் பத்தி சொல்றார், நாலு வயசு இருக்கும், எதத் தொட்டாலும் அழுக்கு அழுக்குன்னு அலறுறான், பக்கத்துல அம்மா கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பா உக்காந்திருக்காங்க. கேட்டு முடிச்ச ஃப்ராய்ட் மெதுவா, "அந்தப் பையன் நீதானா?"ன்னு கேட்டாராம்.

ஆல்போர்ட் ஆடிப்போயிட்டார். எதிர்ல உக்காந்திருக்கறவன் யாரு, எதுக்கு வந்தான், ஏன் பேசறான்னு ஒண்ணும் கேக்கல, கையில இருந்த பொது விதிய எடுத்து மூஞ்சில ஒட்டிட்டார். ஃப்ராய்ட, ஒரே ஒரு ஆளோட கேஸ எழுதுனவர்னு டேபிள்ல இடியோகிராஃபிக் பக்கம் போடறாங்களே, அது எவ்ளோ மேலோட்டம்னு இங்கயே தெரியும். ஒரு ஆளப் பத்தி எழுதறதும் அந்த ஆளப் பாக்கறதும் ஒண்ணு இல்ல.

அதே ஆல்போர்ட் செஞ்ச வேலைய பாத்தா அங்கயும் ஒரு முரண் இருக்கு. அவருகிட்ட ஒரு அம்மாவோட லெட்டர் கட்டு இருந்துச்சு, மொத்தம் 301, 1926லேர்ந்து 1937 வரைக்கும் எழுதுனது. புனைபெயர் ஜென்னி. தன் மகனோட காலேஜ் நண்பனுக்கும் அவன் மனைவிக்கும் எழுதுன லெட்டர்ங்க, மகன் மேல உசுரு, அதே அளவு கோவம், யார் மேலயும் நம்பிக்க இல்ல, காசு கணக்கு, சாவு பேச்சு, நடுவுல திடீர்னு பூ, மரம், கடல்னு அழகா எழுதுவாங்க. அந்த நண்பன் ஆல்போர்டேதான்னு பிற்பாடு வெளிய வந்துச்சு. 1965ல இத புக்கா போட்டார். சரி, இந்த ஒரே ஒரு அம்மாவ எப்படி வர்ணிக்கறது? 36 பேர படிக்க வச்சு, அவங்க குணத்த சொல்லுங்கன்னு கேட்டார். 198 வார்த்தை வந்துச்சு, தட்டிக் கொட்டி எட்டு கொத்துல அடக்குனார். சந்தேகப் புத்தி, தன்ன மட்டுமே நினைக்கறது, அழகுல ரசனை, இப்படி. யோசிச்சுப் பாருங்க, உலகத்துல ஒரே ஒரு ஜென்னிதான், ஆனா அந்த எட்டு கொத்துல இருக்கற எந்த வார்த்தையும் ஜென்னிக்கு மட்டும் சொந்தம் இல்ல. எல்லாம் டிக்‌ஷனரி வார்த்தை. தனித்தன்மைய சொல்லக்கூட பொதுச் சொல்லுதான் வேணும். இன்னும் வேடிக்கை, 1936ல இவரும் ஆட்பர்ட்ங்கறவரும் சேந்து டிக்‌ஷனரிய அலசி 17,953 குண வார்த்தைய எடுத்து பட்டியல் போட்டாங்க, அந்தப் பட்டியல எடுத்து ரேமண்ட் கேட்டல்ங்கற சைக்காலஜிஸ்ட் சுருக்க ஆரம்பிச்சு, பல கை மாறி, கடைசில இன்னைக்கு எல்லாரும் போடற பிக் ஃபைவ் டெஸ்ட்ல வந்து நின்னுச்சு. தனி ஆள் தனி ஆள்னு கத்துனவர் வீட்டுப் பரண்லேர்ந்துதான் எல்லாரையும் அஞ்சு நம்பர்ல அடக்கற சாமான் இறங்குச்சு.

இப்ப உங்க கைடு சொன்னதுக்கு வர்றேன்.

நம்மகிட்ட ரெண்டு பழமொழி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், ரெண்டையும் ஒரே பாட்டி ஒரே நாள்ல சொல்லுவாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு. மொத பழமொழி ஏன் வேலை செய்யுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒரு பருக்கைய நசுக்கிப் பாத்தா பானை மொத்தமும் வெந்துச்சான்னு தெரியுது, ஏன்னா எல்லாம் ஒரே மூட்டை அரிசி, ஒரே தண்ணி, ஒரே தீ, ஒண்ணா உள்ள போனது. பச்சரிசியும் புழுங்கலும் கலந்து உலை வச்சுப் பாருங்க, பழமொழி அங்கயே படுத்துரும். பச்சரிசி குழைஞ்சு கஞ்சியாயிருக்கும், புழுங்கல் நறுக்குன்னு நிக்கும், நீங்க எந்தப் பருக்கைய எடுத்தாலும் பாதிப் பானைக்கு அது பொய். ஆயிரம் பருக்கைய எடுத்து சராசரி போட்டாலும் 'நடுத்தரமா வெந்த சோறு'ன்னு ஒரு விடை வரும், அப்படி ஒரு பருக்கை அந்தப் பானைலயே இருக்காது.

அதனால ஒரு ஆளா நூறு ஆளாங்கறது ரெண்டாவது கேள்வி. நீங்க பாக்கற விஷயத்துல மனுஷங்க ஒரே மூட்டையா கலப்பு மூட்டையாங்கறதுதான் மொத கேள்வி.

ஒரே மூட்டையா இருந்தா ஒருத்தர் போதும். உதாரணம் எச்.எம். ஹென்ரி மொலேசன்னு பேர், அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம், வலிப்பு நோய் தாங்க முடியாம 1953ல ஹார்ட்ஃபோர்ட்ல ஸ்கோவில்ங்கற சர்ஜன் ஆபரேஷன் பண்றார், வயசு 27. மூளைல ரெண்டு பக்கமும் பொட்டுக்கு உள்பக்கமா இருக்கற பகுதி, ஹிப்போகாம்பஸ் பெரும்பாகம் உட்பட, எடுத்தாச்சு. வலிப்பு குறைஞ்சுச்சு, ஆனா அதுக்கப்புறம் நடந்த எதுவும் மனசுல நிக்கல. மான்ட்ரியல்லேர்ந்து ப்ரெண்டா மில்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் வந்து டெஸ்ட் பண்றாங்க, அதுல ஒண்ணு இது: காகிதத்துல ரெட்டைக் கோடு போட்ட ஒரு நட்சத்திரம், அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சில ஓட்டணும், ஆனா கைய நேரா பாக்கக் கூடாது, கண்ணாடில தெரியறத பாத்துத்தான் வரையணும். வீட்ல பண்ணிப் பாருங்க, முனை வந்ததும் கை தானா தப்பு பக்கம் இழுக்கும், எரிச்சலா வரும். அவரும் மொத நாள் அப்படித்தான் தடுமாறுனார். மூணு நாள் செய்ய வச்சாங்க. ஒவ்வொரு நாளும் இத முன்னாடி செஞ்ச ஞாபகமே அவருக்குக் கிடையாது, மொதல்லேர்ந்து சொல்லித் தரணும், ஆனா தப்பு மட்டும் நாளுக்கு நாள் குறைஞ்சுகிட்டே வருது. மூணாவது நாள் கோடு சுத்தமா ஓடுது. கை கத்துக்கிச்சு, கை கத்துக்கிட்டது அவருக்குத் தெரியாது.

ஞாபகம்னா ஒரே சரக்குன்னு அதுவரைக்கும் இருந்த எண்ணம் இந்த ஒரு ஆளால உடைஞ்சுச்சு. ஸ்கோவிலும் மில்னரும் 1957ல எழுதுன கட்டுரை இன்னைக்கும் பாடம். யாராவது அத கதைன்னு சொன்னாங்களா? 2008ல அவர் இறந்தப்புறந்தான் முழுப் பேரே வெளிய வந்துச்சு, மூளைய 2,401 சீவலா சீவி பத்திரப்படுத்தியிருக்காங்க. எல்லா காக்காவும் கருப்புன்னு ஒருத்தர் சொன்னா அத உடைக்க ஒரே ஒரு வெள்ளைக் காக்கா போதும்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் வில்லியம் ஜேம்ஸ் சொன்னது இந்த லாஜிக்தான் (அவர் அத சொன்னது ஆவியோட பேசறதா சொன்ன ஒரு அம்மாவப் பத்தி, அத விட்ருவோம், நம்ம ஊர்ல வெள்ளக்காக்கா மல்லாக்கப் பறக்குதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்). ஹிப்போகாம்பஸ் என்ன வேலை செய்யுதுங்கறதுல மனுஷங்க கிட்டத்தட்ட ஒரே மூட்டை. அதனால அந்த ஒரு சோறு பதம்.

இன்னொரு ஆள் ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் எபிங்ஹாஸ். மறதி எப்படி வளைஞ்சு இறங்குதுன்னு எல்லா புக்லயும் ஒரு கர்வ் போடுவாங்களே, 1885ல வந்தது, அதுல எத்தன பேர் கலந்துகிட்டாங்க? ஒருத்தர். அவரேதான். அர்த்தமில்லாத அசைங்க ஒரு 2,300 தயார் பண்ணி வச்சுக்கிட்டு, தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, தானே நேரம் குறிச்சு. 2015ல நெதர்லாந்துல ரெண்டு பேர் இத திரும்ப செஞ்சாங்க, அதுலயும் ஒரே ஆள், கட்டுரை எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தர், 70 மணி நேரம் உக்காந்து அசை படிச்சார். கர்வ் கிட்டத்தட்ட அதேதான் வந்துச்சு. உங்க கைடு அடுத்த தடவ கதைன்னு சொன்னா, சண்டை போடாம, எபிங்ஹாஸ் டேபிள்ல எந்தப் பக்கம் வருவார்னு மட்டும் பணிவா கேட்டுப் பாருங்க. டேபிள்ல அவர வைக்க எடமே இருக்காது. தேடுனது விதி, பாத்தது ஒரே ஆள்.

இங்கதான் எனக்குத் தோணற முக்கியமான விஷயம். தமிழ்ல 'பொது'ன்னு ஒரு வார்த்தைய ரெண்டு விதமா சொல்றோம். ஊர் பொதுக் கிணறுன்னா எல்லாருக்கும் உண்டு, ஒருத்தருக்குக் கூட இல்லன்னு சொல்ல முடியாது. 'பொதுவா மதுரைல வெயில் ஜாஸ்தி'ன்னா, மொத்தத்துல பாத்தா அப்படி, இன்னைக்கு மழையே பெய்யலாம். எபிங்ஹாஸ் காலத்துல பொது விதின்னா மொத அர்த்தம், பொதுக் கிணறு. ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் நடக்கணும். ஆனா க்வெட்லேன்னு ஒரு பெல்ஜியம் வானியல்காரர் 1835லயே 'சராசரி மனுஷன்'னு ஒரு ஆள உருவாக்கி விட்டிருந்தார், இங்கிலாந்துக்காரர் கால்ட்டன் கை வழியா அந்த சராசரிக் கணக்கு சைக்காலஜிக்குள்ள வந்து, அப்புறம் ஃபார்மும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மலியவும், பொது விதின்னா ரெண்டாவது அர்த்தம், 'பொதுவா'ங்கற அர்த்தம், சத்தமில்லாம எடத்தப் புடிச்சிருச்சு. இப்ப நாம நோமோதெட்டிக்னு சொல்லிக்கற ரிசர்ச்ல பெரும்பாதி விதியே இல்ல, சராசரி. சராசரி தப்புன்னு நான் சொல்லல. அது கூட்டத்தப் பத்தின உண்மை, கூட்டத்துல இருக்கற ஆளப் பத்தினது இல்ல, அவ்ளோதான்.

எஸ்ட்டிஸ்னு ஒருத்தர் 1956லயே இத எழுதிட்டார். தெருவுல இருவது பிள்ளைங்க சைக்கிள் கத்துக்குதுன்னு வைங்க. ஒவ்வொண்ணும் நாள் கணக்கா விழுந்துகிட்டே இருக்கும், திடீர்னு ஒரு நாள் பேலன்ஸ் வந்துரும், அப்புறம் விழாது. ஒருத்தனுக்கு மூணாவது நாள், ஒருத்திக்கு ஒம்பதாவது நாள். இருவது பேரையும் கூட்டி சராசரி போட்டா அழகா மெதுவா ஏறற வளைவு வரும், 'சைக்கிள் படிப்படியாக் கத்துக்கறோம்'னு முடிவு எழுதிரலாம். அப்படிக் கத்துக்கிட்ட பிள்ள ஒண்ணு கூட கிடையாது.

இன்னும் மோசம் எப்பன்னா, தொடர்போட ப்ளஸ் மைனஸே தலைகீழா மாறும்போது. நான் ப்ளஸ் டூ லீவுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவன், அந்த ஏ எஸ் டி எஃப் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அங்க வேகமா அடிக்கற அக்காங்க பேப்பர்ல தப்பே இருக்காது. தட்டித் தடவி அடிக்கற எங்க பேப்பர்ல சிவப்பு இங்க்தான் ஜாஸ்தி. மாஸ்டரோட நோட்ட எடுத்து கணக்குப் போட்டா, வேகம் கூடக் கூட தப்பு குறையும்னு சூப்பரா ஒரு தொடர்பு வரும். நல்லதுன்னு அத நம்பி நான் வேகத்தக் கூட்டுனா? கம்பி ரெண்டு ஒண்ணோட ஒண்ணு சிக்கி மெஷினே நிக்கும், தப்பு மும்மடங்கு ஆகும். ஆளுக்கு ஆள் பாத்தா வேகம் கூடுனா தப்பு குறையுது, ஒரே ஆளுக்குள்ள பாத்தா வேகம் கூடுனா தப்பு கூடுது, ரெண்டுமே உண்மை. எலன் ஹமாகர்னு நெதர்லாந்துக்கார ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் இதே டைப்பிங் உதாரணத்த எழுதியிருக்கறத படிச்சப்ப எனக்கு அந்த மாஸ்டர் ஞாபகம்தான் வந்துச்சு. "மெதுவா அடி, வேகம் தானா வரும்"பார். மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

உங்க ப்ராஜெக்ட்ல இருக்கற கண்ணி இதுதான். நூறு பேர்கிட்ட ஃபார்ம் வாங்கி, கம்மியா தூங்கறவங்களுக்கு மனநிலை மோசமா இருக்குன்னு கண்டுபுடிச்சீங்கன்னு வைங்க. அது 'நீ இன்னைக்கு கம்மியா தூங்குனா நாளைக்கு உனக்கு மூட் கெடும்'ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. ஒரு வேளை அதுவும் உண்மையா இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அந்த டேட்டாவுல அதுக்கு பதிலே கிடையாது. ஆனா எத்தன டிசர்ட்டேஷன் கடைசி அத்தியாயத்துல அப்படித்தான் அறிவுரை எழுதியிருக்கு, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன், மறைக்க என்ன இருக்கு.

பீட்டர் மோலனார்ங்கற சைக்காலஜிஸ்ட் 2004ல இதுக்கு ஒரு பிரகடனமே எழுதுனார். பௌதிகத்துல எர்காடிக்னு ஒரு வார்த்தை உண்டு, நூறு பொருள ஒரே நேரத்துல பாத்தா வர்றதும் ஒரு பொருள நூறு நேரத்துல பாத்தா வர்றதும் ஒண்ணா இருந்தா அது எர்காடிக். மனுஷ மனசுல நடக்கற பெரும்பாலான விஷயம் இப்படி இல்ல, ஏன்னா ஆளுக்கு ஆள் அமைப்பு வேற, அதோட ஒரே ஆளே நாளாக நாளாக மாறிக்கிட்டு இருக்கான்னு அவர் வாதம். 2018ல ஃபிஷர், மெடாக்லியா, ஜெரோனிமஸ் மூணு பேரும், ஒரே ஆளுங்கள பல தடவ அளந்த ஆறு டேட்டாவ எடுத்து கணக்குப் போட்டு பாத்தாங்க. சராசரி என்னமோ ரெண்டு விதத்துலயும் பக்கத்துல பக்கத்துலதான் வந்துச்சு, ஆனா அதச் சுத்தி இருக்கற சிதறல், கூட்டத்துல பாத்தத விட தனி ஆளுங்ககிட்ட ரெண்டுலேர்ந்து நாலு மடங்கு. கூட்டத்த வச்சு ஒரு ஆளப் பத்தி இவ்ளோ துல்லியமா சொல்லலாம்னு நாம நினைச்சுக்கறது அவ்ளோ தூரம் பொய்.

சரி, அப்ப நான் ஒத்த ஆள் கட்சியா? இல்லைங்க. அந்தப் பக்கம் இருக்கற குழியில நானே பல தடவ விழுந்திருக்கேன்.

ஃபினியாஸ் கேஜ் கதை உங்க மொத வருஷ புக்லயே இருக்கும். 1848, வெர்மான்ட், ரயில் பாதை போடற எடத்துல வெடிமருந்து குத்தற இரும்புக் கம்பி கன்னத்துல ஏறி மண்டை வழியா வெளிய போச்சு, ஆள் பொழச்சுக்கிட்டார், ஆனா குணம் மாறி முரடனாயிட்டார், அப்படின்னு. ஹார்லோங்கற டாக்டர் நேர்ல பாத்து எழுதுனது கொஞ்சம் பக்கந்தான். அதுக்கு மேல ஒவ்வொருத்தரா கண்ணு காது மூக்கு வச்சு, குடிகாரன், பொய்யன், வேலையில்லாம நாடோடியா திரிஞ்சான்னு வளத்து விட்டாங்க. மால்கம் மக்மில்லன்னு ஒருத்தர் மூல ஆவணமா தேடிப் போய் பாத்தா, அதுல பாதிக்கு மேல ஆதாரமே இல்ல. கேஜ் சிலி நாட்டுல வருஷக் கணக்கா குதிரை கோச் ஓட்டியிருக்கார். பல குதிரைய ஒண்ணா கட்டி மலைப் பாதைல ஓட்டறவன புத்தி கெட்டவன்னு சொல்ல முடியுமா? ஒத்த ஆள் ஆராய்ச்சில இதுதான் பயம், தட்டிக் கேக்க ரெண்டாவது ஆள் இல்ல, சொல்றவர் வாய்க்கு ஏத்த மாதிரி கேஸ் வளரும்.

இன்னொண்ணு, 'இது எனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு'ங்கற உணர்ச்சி. 1948ல பெர்ட்ரம் ஃபோரர்ங்கறவர் தன் க்ளாஸ் பசங்க 39 பேருக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சு, ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்து, எவ்ளோ பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் குடுத்தது ஒரே ரிப்போர்ட், பெட்டிக்கடைல விக்கற ஜோசிய புக்லேர்ந்து எடுத்தது. காலைல டிவில ராசிபலன் கேட்டுட்டு "கரெக்டா சொல்றான்யா"ன்னு சொல்ற எங்க வீட்டுப் பெரியவர் அஞ்சுக்கு அஞ்சே போடுவார். உங்க ஒத்த ஆள் ஆராய்ச்சி முடிவ அந்த ஆள்கிட்டயே காட்டி "ஆமா சார், இது நான்தான்"னு சொன்னா ரொம்ப சந்தோஷப்பட்டுராதீங்க.

அப்புறம் பால் மீல், அமெரிக்க சைக்காலஜிஸ்ட். 1954ல ஒரு சின்ன புக் போட்டார், நோயாளிய நேர்ல பாத்து பேசி டாக்டர் சொல்ற கணிப்பு சரியா, நாலஞ்சு விவரத்த ஃபார்முலால போட்டு வர்ற கணிப்பு சரியான்னு. அப்ப கிடைச்ச சுமார் இருவது ஆராய்ச்சில, ஒண்ணத் தவிர மத்த எல்லாத்துலயும் ஃபார்முலா ஜெயிச்சது, இல்லன்னா சமம். 2000ல வில்லியம் க்ரோவ்ங்கறவரோட குழு 136 ஆராய்ச்சிய திரட்டிப் பாத்தா 63ல ஃபார்முலா மேல, 65ல சமம், வெறும் எட்டுலதான் டாக்டர் மேல. மொதல்ல இத எழுதுன மீல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரூம்லயே உக்காந்திருந்த ஆள் இல்ல, அவரே நோயாளி பாத்து தெரப்பி பண்ணவர், அதனால குத்து ஆழமா விழுந்துச்சு. ஃபார்முலாவுக்கு எதிரா ஒரு உதாரணமும் அவரே குடுத்தார்: ஒரு ப்ரொஃபசர் வாரா வாரம் தவறாம சினிமா போவார், ஃபார்முலா இன்னைக்கும் போவார்னு சொல்லும், ஆனா அவருக்கு காலைலதான் கால் உடைஞ்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியும், அப்ப ஃபார்முலாவ தூக்கிப் போடலாம். சரி. ஆனா நம்ம ஆளுங்க கண்ணுக்கு எதிர்ல வர்ற எல்லாருக்கும் கால் உடைஞ்ச மாதிரியே தெரியும், அதுதான் சிக்கல். "இவர் கேஸ் வேற"ன்னு சொல்லி நான் ஃபார்முலாவ மீறுன கேஸ எல்லாம் ஒரு தடவ உக்காந்து எண்ணிப் பாத்தேன், எத்தன தடவ நான் சரின்னு இங்க சொல்ல மாட்டேன்.

அதுக்காக க்ளினிக்ல தனி ஆள விட்டுட முடியுமா? முடியாது. அடையாளத்த மாத்திச் சொல்றேன். ஒரே நாள் ரெண்டு பேர், டிப்ரஷன் ஃபார்ம்ல ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர். அந்தம்மாவுக்கு தூக்கம் இல்ல, சோறு இறங்கல, பேச ஆரம்பிச்சா அழுகை. அந்தப் பையன் பகல் ரெண்டு மணிக்கு எந்திரிக்கறான், தட்டு தட்டா சாப்புடறான், அழுகையே வரல, "ஒண்ணும் தோணல சார்"ங்கறான். ஃபைல்ல ரெண்டுலயும் ஒரே வியாதி பேர். மனநோய்ங்கள வகைப்படுத்தற டி.எஸ்.எம். புக்ல மேஜர் டிப்ரஷனுக்கு ஒம்பது அறிகுறி, அதுல அஞ்சு வேணும், மனச்சோர்வு, ஆர்வமின்மை ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். பேப்பர் எடுத்து கணக்குப் போட்டா 227 விதமா வரலாம், ரெண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவா இருந்தாக்கூட ரெண்டு பேருக்கும் அதே வியாதிதான். ஃப்ரீடும் நெஸ்ஸியும் 2015ல 3,703 நோயாளிங்க டேட்டாவ எடுத்து, அறிகுறிய இன்னும் நுணுக்கமா பிரிச்சு பாத்தாங்க, 1,030 தனித்தனி கோலம் வந்துச்சு, அதுல 501 கோலம் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும். அதிகமா வந்த கோலமே நூத்துக்கு ரெண்டு பேருக்குக் கூட இல்ல. இது பச்சரிசி புழுங்கல் ரெண்டு ரகம் கூட இல்ல தம்பி, ஊர்ல இருக்கற அத்தன அரிசியும் ஒரே உலைல கொதிக்குது.

இப்ப ஃபோன் வந்தப்புறம் இதுக்கு ஒரு வழி பொறந்திருக்கு. நெதர்லாந்துல மாரிகே விகர்ஸ் குழு 2016ல போட்ட ஒரு கட்டுரை, 57 வயசு ஆள், பழைய டிப்ரஷன், மாத்திரைய கொஞ்சங் கொஞ்சமா குறைக்கறாங்க, எப்ப குறையுதுன்னு அவருக்கும் தெரியாது. 239 நாள், நாளைக்கு பத்து தடவ வரைக்கும் மனநிலைய பதிஞ்சுகிட்டே வர்றார். திரும்ப டிப்ரஷன்ல விழறதுக்கு முன்னாடியே அந்த டேட்டாவுல ஒரு அடையாளம் தெரிஞ்சுச்சு: மனசு ஒரு தடவ சரிஞ்சா பழைய நிலைக்கு திரும்பி வர்ற வேகம் குறைஞ்சுகிட்டே போகுது, பேட்டரி போகப் போற வண்டி மாதிரி, ஸ்டார்ட் ஆக நேரம் புடிக்குது. படிச்சவங்க எல்லாரும் குதிச்சாங்க, நானும்தான். பின்னாடி நிறைய பேர்கிட்ட இதே மாதிரி செஞ்சு பாத்தப்ப சிலருக்கு அந்த மணி முன்னாடியே அடிச்சுச்சு, பலருக்கு அடிக்கல. இது தோல்வி இல்லைங்கறது என் கருத்து. வேலை நடக்க வேண்டிய வரிசையே இதுதான், ஒரு ஆள்கிட்ட முழுசா கண்டுபுடி, அடுத்த ஆள்கிட்ட அதே மாதிரி முழுசா செய், எத்தன பேர்கிட்ட நிக்குதுன்னு எண்ணு. எல்லாரையும் மொதல்லயே மிக்ஸில போட்டு அரைச்சுட்டு அப்புறம் உள்ள என்னென்ன காய் இருந்துச்சுன்னு தேடக் கூடாது.

அதனால உங்க ப்ராஜெக்ட்டுக்கு நான் சொல்றது, நூறு பேர் ஒரு நாளும் வேணாம், ஒரு ஆள் நூறு நாளும் வேணாம். எட்டுலேர்ந்து பத்து பேர புடிங்க, நாப்பது நாள், நாளைக்கு ரெண்டு தடவ, காலைல எந்திரிச்சதும் தூக்கம், சாயங்காலம் மனநிலை. வாட்ஸ்அப்ல ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் போதும், கேள்வி அஞ்சுக்கு மேல போகாதீங்க, பத்தாவது நாள் எல்லாருக்கும் சலிச்சுரும். ரெண்டு கேள்விய அந்தந்த ஆளே தன் வார்த்தைல எழுதட்டும், ஒருத்தருக்கு மூட் கெட்டா எரிச்சல், இன்னொருத்தருக்கு வயித்த பிசையறது, அதையே அவங்களுக்கு ஸ்கேலா வைங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல எவனோ எழுதுன வார்த்தைக்கு நம்ம ஆள் டிக் போடணும்னு என்ன இருக்கு. மொதல்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கிராஃப் போட்டு செவுத்துல ஒட்டி வெறுங் கண்ணால பாருங்க, சாஃப்ட்வேர தொடாதீங்க. எக்ஸாம் வாரம், பீரியட்ஸ், ஊருக்குப் போன நாள் எல்லாத்தையும் அந்தப் பேப்பர்லயே பென்சில்ல குறிச்சு வைங்க. அதுக்கப்புறம் ஆளுக்கு ஆள் அந்தத் தொடர்பு ஒரே பக்கம் போகுதா எதிர்ப் பக்கமான்னு எண்ணுங்க. பத்துல ஒம்பது ஒரே பக்கம்னா கைடுக்குப் புடிச்ச பொது விதி வாசனை வருது. நாலு அந்தப் பக்கம் ஆறு இந்தப் பக்கம்னா, நூறு பேர் ஃபார்ம்ல இது கண்ணுக்கே பட்டிருக்காது, அதத் தனியா ஒரு பத்தில எழுதுங்க, வைவால அதத்தான் கேப்பாங்க. பத்து பேர்ல ஒருத்தரா உங்களையும் சேத்துக்கங்க, எபிங்ஹாஸ் செஞ்சதுதானே, எதிக்ஸ் கமிட்டில மட்டும் முன்னாடியே எழுதி அனுமதி வாங்கிருங்க. யாராவது தொடர்ந்து ரொம்ப மோசமா எழுதிக்கிட்டே வந்தா அத டேட்டான்னு நினைச்சு வேடிக்கை பாக்காம அன்னைக்கே கைடுகிட்ட சொல்லி அவங்கள கவுன்சலர்கிட்ட அனுப்பணும், அதையும் அந்த அனுமதிப் பேப்பர்லயே ஒரு வரி போட்டு வைங்க.